காட்டு நிழலில் ஒரு குட்டிப் பனை



பனை என்றதும் நம் கண்முன் நிற்பது தோட்டத்துச் செம்பனைதான். வளர்ந்த மரத்தில் குலை அறுக்க நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து பார்க்கவேண்டும். ஆனால், குனிந்து இலை பறிக்கும் அளவுக்குக் குட்டையான பனைகளும் உலகில் உண்டு. இன்று அவற்றைப் பற்றிப் பார்ப்போம்.

ரப்பர் மரம் பிறந்த அதே அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் காடுகளில் இவை வளர்கின்றன. பெயர் கமடோரியா. கிரேக்க மொழியில் 'தரையிலே கிடைக்கும் பரிசு' என்ற பொருளில் அமைந்த பெயர் இது. மெக்சிகோ முதல் பொலிவியா வரை ஏறத்தாழ 100 வகைகள் உள்ளன. பெரிய மரங்களின் நிழலே இவற்றுக்கு வீடு. நேர் வெயில் பட்டால் இலை கருகிவிடும். பப்பாளியைப் போல ஆண் செடி வேறு, பெண் செடி வேறு.

குவாத்தமாலா நாட்டின் வடக்கே பெத்தேன் என்ற காட்டுப் பகதி இருக்கிறது. அங்கே இந்த இலைக்கு 'ஷாத்தே' என்று பெயர். பறித்த பிறகும் பல நாள் பசுமை மாறாது. ஆகவே பூங்கொத்துகளில் வைப்பதற்கும், குருத்தோலை ஞாயிறு வழிபாட்டுக்கும் அமெரிக்க, ஐரோப்பிய நாடுகள் இதை வாங்குகின்றன. காட்டுக்குள் நடந்து இலை பறிப்பதே அங்குப் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. நெடுங்காலமாக இலையின் எண்ணிக்கையைப் பார்த்தே கூலி கொடுத்தார்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை சும்மா இருக்குமா? பூச்சி அரித்தது, கிழிந்தது, பிஞ்சு எல்லாவற்றையும் வெட்டினார்கள். அவற்றில் பெரும்பகுதி பிறகு குப்பைக்குப் போயிற்று. செடியோ மெதுவாக வளர்வது. இலை குறைந்தால் பூவும் காயும் குறையும். உள்ள ஒரே குருத்தையும் வெட்டினால் செடியே மடியும். பால்மரத்தின் பட்டையை ஆழமாக வெட்டினால் மரத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1990ஆம் ஆண்டு அந்த வட்டாரம் மாயா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பின்னர், காட்டின் சில பகுதிகளைப் பராமரிக்கும் உரிமை ஊர் மக்களுக்கே கிடைத்தது. வாஷாக்துன் போன்ற ஊர்களில் கூலி முறையை மாற்றினார்கள். நல்ல இலைக்கு மட்டுமே பணம். செடியில் சில இலைகளை விட்டுவைக்கவேண்டும், குருத்தைத் தொடக்கூடாது. ஊர்ப் பெண்கள் இலைகளைத் தரம் பிரித்துக் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் வருமானம் கிடைக்கிறது.

பழைய முறையில் காட்டை அழித்தது தொழிலாளியின் பேராசையா? இல்லை. கூலியை அளந்த விதமே அவர் கையை அப்படி வெட்ட வைத்தது. அளவுகோல் மாறியதும் அதே கை செடியைக் காக்கத் தொடங்கியது. ஒரு குட்டிப் பனை நமக்குச் சொல்லும் பாடம் இது.