விசா மறுப்புக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

ஜெர்மனியில் வேலை பார்ப்பவர், ஊரில் இருக்கும் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கிறார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, விசா இல்லை என்று கடிதம் வருகிறது. ஒரு டீயைச் சொல்லிவிட்டு உட்காருங்கள், அந்தக் கடிதத்தை நிதானமாகப் பார்ப்போம்.

முன்பெல்லாம் விசா மறுத்த தூதரகத்துக்கே ஓர் ஆட்சேபக் கடிதம் எழுதலாம்; அவர்களே மறுபடி பார்ப்பார்கள். பைசா செலவில்லாத வழி. 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க ஜெர்மன் தூதரகங்கள் அதை எடுத்துவிட்டன. இன்றும் ‘அப்பீல் லெட்டர்’ எழுதித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட் இருந்தால், இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

இப்போது மிச்சம் இரண்டு வழிகள். திரும்ப விண்ணப்பிக்கலாம். அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். எது நமக்கு என்பதற்கு விடை அந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஏதோ ஒரு காகிதம் குறைந்தது என்றால் திரும்ப விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம். பெரியவர்களுக்கு 75 யூரோ கட்டணம், சிறுவர்களுக்கு அதில் பாதி. நம் பக்கத்து ஆவணங்களில் பெரிய தலைவலி பெயர்தான். கல்யாணப் பதிவில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, பிறப்புச் சான்றில் வேறு எழுத்து. நமக்கு மூன்றும் ஒரே ஆள். அந்த அதிகாரிக்கு மூன்று பேர். கோயிலில் கொடுத்த சான்றும் பத்திரிகையும் போதாது, பதிவுத்துறைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதால், அதை வாங்குவதில் தகராறு இல்லை.

வருமானம் போதாது என்று எழுதியிருந்தால் விஷயம் வேறு. தூதரகம் முடிவைச் சொன்னாலும், பெரும்பாலும் அங்கே அவர் குடியிருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தைக் கேட்டுத்தான் சொல்கிறது. கையில் வரும் சம்பளத்தில் வாடகை போக மிச்சம், அரசு உதவி கேட்காமல் குடும்பத்தைக் காப்பாற்றுமா என்பதே அவர்கள் கணக்கு. ஆகவே அங்கிருப்பவர் புதிய சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தத்தோடு அந்த அலுவலகத்தை அணுகி எவ்வளவு குறைகிறது என்று கேட்பதே முதல் வேலை. மனைவிக்கு ஜெர்மன் மொழிச் சான்று இல்லை என்ற காரணம் வந்திருந்தால், கணவரின் தங்கும் அனுமதி எந்த வகை என்று பாருங்கள். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு அது தேவையில்லை.

காகிதமெல்லாம் சரி, கல்யாணத்தையே நம்பவில்லை என்றோ சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார்கள் என்றோ தோன்றினால் வழக்குத்தான். முதல் கட்டத்தில் வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் மனு ஜெர்மன் மொழியில், கையெழுத்தோடு போக வேண்டும், சாதாரண மின்னஞ்சல் செல்லாது. மொழி தெரியாதவர் வக்கீலுக்குச் செலவழிப்பதே மேல் என்பது என் கட்சி.

பிள்ளைக்குப் பதினெட்டு நெருங்கும் வீட்டுக்காரர்கள் இங்கே கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். விண்ணப்பித்த நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ அதைத்தான் சட்டம் பார்க்கிறது. அன்று பதினேழு, மறுப்பு வந்தபோது பதினெட்டு முடிந்துவிட்டது என்றால், புதிய விண்ணப்பத்தில் அவன் பெரியவன். சிறுவனுக்குள்ள உரிமை போய்விடும். பழைய விண்ணப்பத்தை உயிரோடு வைத்திருக்க வழக்கு ஒன்றே வழி.

அதற்கான கெடு பொதுவாக ஒரு மாதம், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். மனு அதற்குள் பெர்லினில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இங்கே தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. கடிதம் கைக்கு வந்த நாளை உறையின் மேலேயே எழுதி வையுங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.