கழிவறைக்கு பேசின் வாங்கும் முன்



கழிவறைக்குக் கடன் வாங்கிக் கட்டிய சில வீடுகளில், உள்ளே விறகும் வறட்டியும் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "கழிவறை இருந்தும் ஏம்மா காட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டால், "தண்ணி யாரு தூக்குறது?" என்பார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று ஏசிப் பயனில்லை. பல வீடுகளில் கோளாறு பேசினில்தான் இருக்கிறது.

நகரத்து வீடுகளுக்குப் போடும் தட்டையான பேசினில் மலம் போக ஒரு வாளி, அதாவது 10 லிட்டர் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். கிராமப்புறத்துக்கென்றே செய்த பேசின் ஒன்று உண்டு. கடையில் 'ரூரல் பேசின்' என்று கேளுங்கள். அதன் அடிப்பகுதி 25 முதல் 28 டிகிரி வரை நல்ல சரிவாக இருக்கும். ஒன்றரை முதல் 2 லிட்டரில் எல்லாம் போய்விடும்.

ஒரு கணக்குப் போடுவோம். 5 பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 10 தடவை தண்ணீர் ஊற்றுவதாக வையுங்கள். தட்டை பேசினுக்கு 100 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 7 குடம். ரூரல் பேசினுக்கு 20 லிட்டர், ஒன்றரைக் குடம்கூட இல்லை. வீட்டுக்குள் குழாய் வராத ஊரில் அந்த 7 குடத்தையும் சுமப்பது யார்? நாம்தான். ஆனால் பேசினைத் தேர்ந்தெடுப்பது கொத்தனாரும் வீட்டு ஆண்களும்! தண்ணீருக்குப் பயந்து பொழுது சாயும்வரை அடக்கி வைத்து, குடிக்கும் தண்ணீரையும் குறைத்து, நீர்க்கடுப்பு வந்து அவதிப்படுவதும் நாம்தான். அதனால் கடைக்கு நீங்களும் போங்கள்.

பேசினுக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று பொருத்துவார்கள். அதில் எப்போதும் 2 சென்டிமீட்டர் தண்ணீர் நின்று நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும். பேசினோடு சேர்ந்து வருவதையே வாங்குங்கள். வேறு கம்பெனி வளைவைப் போட்டால் அதிகத் தண்ணீர் கேட்கும்.

அடுத்தது குழி. கொத்தனார் "ஒரே குழி போதும், ஆழமாத் தோண்டிடலாம்" என்பார். கேட்காதீர்கள். ஒரு மீட்டர் அகலத்தில், 4 அடி ஆழத்தில் இரண்டு உறிஞ்சு குழிகள் போதும். குழிகளுக்கு நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். குடிநீர்க் கிணறு, அடிபம்பு இருந்தால் 10 மீட்டருக்கு மேல் தள்ளியே தோண்டுங்கள். தண்ணீர் மண்ணில் இறங்க, சுவரில் தேன்கூடு போல இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். அடியில் சிமெண்ட் பூசக் கூடாது. வாயுவையும் மண்ணே உறிஞ்சிக்கொள்வதால் காற்றுக் குழாய் தேவையில்லை.

ஒரு குழி நிறைய 5 பேர் வீட்டில் சுமார் 3 வருடம் ஆகும். பிறகு அதை அடைத்து மற்றதைத் திறந்துவிட வேண்டும். அடைத்த குழியை 2 வருடம் அப்படியே விட்டால் நாற்றமில்லாத எருவாகிவிடும். நம்ப மாட்டீர்கள்! 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளி கிராமத்தில், அப்போது மத்திய குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயரே இப்படி ஒரு குழியில் இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். செப்டிக் டேங்க் அப்படியல்ல. அதற்குக் கழிவு உறிஞ்சும் லாரிதான் வர வேண்டும், அதற்குத் தனிச் செலவு. விஷவாயு உயிரைக் குடித்துவிடும் என்பதால் ஆளை இறக்கவே கூடாது. 2013 சட்டப்படி அது குற்றமும்கூட.

மழைக்காலத்தில் நாலடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் ஊர் என்றால், குழியை மேடாக்கிக் கட்டுவது பற்றி ஒன்றியப் பொறியாளரிடம் முதலில் கேளுங்கள்.

முழங்கால் வலி உள்ள மாமியார், நிறைமாத மருமகள் இருக்கும் வீட்டில் "வெஸ்டர்ன் டாய்லெட் வைப்போமே" என்பார்கள். குழாய் இல்லாத வீட்டுக்கு அது தண்ணீர்ச் சுமை. நடுவில் ஓட்டையுள்ள நாற்காலியை பேசின் மேல் போட்டு, பிடித்து எழச் சுவரில் ஒரு கம்பி பதித்தால் போதும்.

மாதவிடாய்த் துணி, நாப்கின் எதையும் பேசினில் போடாதீர்கள். வளைவு அடைத்துக்கொள்ளும். மூலையில் மூடியுள்ள டப்பா ஒன்று வையுங்கள். கழுவ ஆசிட் ஊற்றினால் குழியில் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். சோப்புத்தூளும் பிரஷும் போதும்.

பேசினை வைத்ததும், தரை பூசும் முன் இரண்டு மூன்று ஈர மண் உருண்டையைப் போட்டு 2 லிட்டர் தண்ணீரை வேகமாக ஊற்றிப் பாருங்கள். ஒரே தடவையில் போக வேண்டும். நின்றால் மட்டம் சரியில்லை என்று பொருள். கொத்தனார் இருக்கும்போதே சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.