கைராசியும் நெறிமுறையும்

எந்த வைத்தியரிடம் போவது என்று ஆராயும்போது நம்மவர் முதலில் கேட்பது அவருடைய கைராசியைத்தான். "அவர் கைபட்டாற் போதும், காய்ச்சல் இறங்கிவிடும்" என்ற நம்பிக்கை பசறைக் கடைத்தெருவிலும் உண்டு. நமுனுகுலை மலைச்சாரலின் லயங்களிலும் உண்டு. நம்பிக்கை பாதி மருந்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மற்றப் பாதி எதனால் ஆவது? கழுவிய கையால், தூய ஊசியால், காலம் கடவாத மருந்தால், தெளிவாக எழுதிய உறையால் ஆவது. இந்த மற்றப் பாதியைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர். நான்காமவரை, மருந்தைப் பிழையின்றிச் செய்து கொடுப்பவர் என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். நம் ஊர் வழக்கிற் சொன்னால், டிஸ்பென்சரியின் சிறு சாளரத்துக்குப் பின்னே நின்று மாத்திரை எண்ணிக் கட்டுபவர் அவர். வைத்தியர் எத்துணை வல்லவராயினும் இந்த நான்காமவர் உறை மாற்றிக் கொடுத்தால் அவ்வளவும் வீண்.

மலையகத்தில் நான்காமவரே நெடுங்காலம் இரண்டாமவராகவும் இருந்தார். 1872ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் நோய்நொடிகளை ஆட்சியின் கவனத்துக்குள் கொண்டுவந்தன. ஆயினும் அன்றாடம் மருந்து கொடுத்தவர் தோட்டத்து டிஸ்பென்சரே. மக்கள் அவரையே 'டாக்டர் ஐயா' என்றனர். வீட்டிலிருந்து கொண்டுபோன போத்தலில் தண்ணீர் மருந்து வாங்கி வந்த காலம் அது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் முயற்சி பின்னர் தொடங்கியது. இன்னும் அது முற்றுப்பெறவில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது பட்டணத்துத் தனியார் டிஸ்பென்சரியே. பகலில் அரசாங்க வைத்தியசாலை வரிசையில் நின்றால் கொழுந்து பறிப்பவளுக்கு ஒரு பேர் போய்விடும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு பசறைக்கு வந்தால் வைத்தியர் இருப்பார். பணம் போனாலும் பேர் நிற்கும். ஆகவே இங்கு வருபவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். அன்றைய கூலியைக் கொண்டு மருந்து வாங்குபவர்களிடம் இரண்டாம் முறை வாங்கப் பணம் இராது. தரம் என்பது இவர்களுக்கு ஆடம்பரமாகுமா?

முதலாவது கை. 1847இல் வியன்னா நகரின் பிரசவ விடுதியொன்றில் தாய்மார் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்தனர். பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணம் என ஐயுற்ற செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், குளோரின் சுண்ண நீரில் கை கழுவுமாறு பணித்தார். ஏப்ரல் மாதத்தில் 100க்கு 18 பேராக இருந்த மரணம் சில மாதங்களில் 2க்கும் கீழே இறங்கியது. எனினும் அக்கால வைத்தியர் பலர் அவரை ஏற்கவில்லை. தம் கை குற்றமுடையது என்று ஒப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்றும் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே கை கழுவ ஒரு குழாயும் சவர்க்காரமும் வைத்தியரின் அறைக்குள்ளேயே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது ஊசி. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி ஈரல் அழற்சி உண்டாக்கும் கிருமியை மற்றவருக்குக் கொண்டுசெல்ல வல்லது. ஆகவே ஊசியும் அதன் குழலும் ஒரு முறைக்கு மட்டுமே உரியன. உடனே தடித்த பெட்டிக்குள் போய்விடவேண்டும். புண் தைக்கும் கருவிகளை வெந்நீரில் காய்ச்சுவது போதாது; சில கிருமி வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. அழுத்த நீராவியில் 121 பாகை வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது மருந்து. இன்சுலின் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருத்தல் வேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் மலைநாட்டில், குளிர்ப்பெட்டிக்குள் ஒரு வெப்பமானியும் அதனை நாளும் குறித்துவைக்கும் ஒரு கொப்பியும் இல்லையெனில், கெட்ட மருந்தும் நல்ல மருந்தும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். மருந்தை அதன் பொதுப் பெயரால் வழங்கவேண்டும் என்று வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. பொதுப் பெயர் உறையில் இருந்தால், இரண்டு இடங்களில் ஒரே மருந்தை இரண்டு வணிகப் பெயரில் வாங்கி இரட்டிப்பாக விழுங்கும் விபத்தும் தவிரும்.

உறை என்றதும் ஒரு முதியவளின் முகம் நினைவுக்கு வருகிறது. ஒரு மாலை அவள் என்னிடம் இரண்டு காகித உறைகளை நீட்டினாள். எங்கே வாங்கியவை என்பது இங்கு வேண்டியதில்லை. இரண்டிலும் வெள்ளை மாத்திரைகள். ஒன்றில் சிங்களத்தில் இரண்டு சொற்கள். மற்றதில் சில கோடுகள் மட்டும். "ஐயா, இதுல சீனிக்கு உள்ளது எதுங்க, பிரஷருக்கு உள்ளது எதுங்க?" என்றாள். என்னாலும் சொல்ல முடியவில்லை. திரும்பப் போய்க் கேளுங்கள் அம்மா என்றேன். "கேட்டா ஏசுவாங்களே ஐயா" என்றாள். அந்த அச்சமும் ஒரு நோயே என்பேன். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் அரசியலமைப்பில் ஏறிய மொழி மருந்து உறையில் இறங்கவில்லையானால் அவளுக்கு என்ன பயன்?

சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு பெற்று, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளின் தரத்தைக் கண்காணிக்க ஓர் அதிகாரசபையை நிறுவியது. ஆயினும் பதிவுப் பத்திரம் சுவரில் தொங்குவது. தரம் ஒவ்வொரு மாலையும் புதிதாகச் செய்யப்படுவது. நாற்பது பேர் காத்திருக்கையில் இவ்வளவுக்கும் நேரம் ஏது என்று வைத்தியர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உறையில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகிய நான்கையும் எழுத அரை நிமிடம் போதும். தவறான மாத்திரையால் மயங்கி விழுந்தவரைப் பதுளைக்கு ஏற்றிச்செல்ல ஓர் இரவு வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லயத்தில் எழுத்தறிந்தவர் பெரும்பாலும் நம் மாணவரே. மருந்துறையை வாசிக்கவும், காலாவதித் திகதியைப் பார்க்கவும், தேக்கரண்டிக்குத் தேக்கரண்டி அளவு மாறும் ஆதலால் 5 மில்லிலீற்றர் அளவுக் குவளையைக் கேட்டு வாங்கவும் ஒரு பாடவேளையிற் கற்பித்துவிடலாம். பாட்டிக்குத் துணையாகப் போகும் எட்டாம் வகுப்புச் சிறுமி, "டாக்டர், இது எதற்கு, எத்தனை வேளை? தமிழில் எழுதித் தாருங்கள்" என்று பணிவாகக் கேட்கட்டும். நல்ல வைத்தியர் அதற்காக ஏசமாட்டார்.