கூட்டத்தில் முந்தியவர் யார்?

அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? வாண்டுப் பயல்கள் இடுக்குகளில் நுழைந்து முன்னே ஓடிவிடுவார்கள். பருத்த சரீரம் கொண்ட மாமா நடுக் கூட்டத்தில் சிக்கித் தவிப்பார். இது தெரிந்தால் 'எலெக்ட்ரோபோரெஸிஸ்' என்ற, நாக்கைச் சுளுக்கும் சமாசாரம் பாதி புரிந்த மாதிரிதான்!

ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்துத் துண்டு துண்டாக நறுக்குகிறார்கள். கடற்பாசியிலிருந்து தயாரித்த ஜெல்லிப் பாளத்தின் ஒரு முனையில் அதை வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். டி.என்.ஏ.வுக்கு எதிர் மின்னேற்றம் உண்டு. ஆகையால் நேர்முனையை நோக்கி நகரும். சிறு துண்டுகள் முந்தும், பெரியவை பின்தங்கும். கடைசியில் ஏணிப்படி போலக் கோடுகள் தெரியும்.

இந்தக் கோடுகள் ஒரு தாய்க்குத் துணை நின்ற கதையைக் கேளுங்கள். கேரளத்தில் தலைச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், தன் குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டாள். "அது என் குழந்தையே அல்ல" என்று சாதித்தார் அந்த மனிதர். மூவருடைய ரத்தமும் ஹைதராபாத்திலுள்ள ஸி.ஸி.எம்.பி. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிற்று. குழந்தையின் கோடுகளில் தாயினுடையவற்றைக் கழித்துவிட்டால், மிச்சம் அத்தனையும் தகப்பனிடம் இருந்தாக வேண்டும். இருந்தன! விஞ்ஞானி லால்ஜி சிங் சாட்சி சொன்னார். இந்திய நீதிமன்றம் ஏற்ற முதல் டி.என்.ஏ. சாட்சியம் அதுதான். 1991-இல் கேரள ஹைகோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. எண்ணற்ற துண்டுகளிடையே வேண்டியதைப் பிடிக்க லால்ஜி சிங் உபயோகித்த தூண்டில், ஒரு பெண் கட்டுவிரியன் பாம்பின் டி.என்.ஏ.யிலிருந்து வந்தது. பெண்ணுக்குப் பெண் உதவி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அந்த நாளில் முடிவு தெரியப் பல நாள் காத்திருக்க வேண்டும். பாளத்தில் துண்டுகள் ஓடி முடிக்கவே மணிக்கணக்காகும். மின்சாரத்தைக் கூட்டினால் பாளம் சூடேறிக் காரியம் கெடும். 1994-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் வூலியும் மேத்தீஸும் கண்ணாடிச் சில்லில் தலைமயிர் பருமனே உள்ள வாய்க்கால்களை வெட்டினார்கள். அத்தனை மெல்லிய வாய்க்காலில் சூடு உடனே வெளியேறிவிடும். மின்சாரத்தை தாராளமாக ஏற்றலாம். துண்டுகள் இரண்டே நிமிஷத்தில் பிரிந்தன! சாம்பிளும் ஒரு சொட்டுக்கும் குறைவாகப் போதும்.

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குத் தினமும் வேலைக்குப் போகும் சகோதரிகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாலி கட்டாத தாயின் குழந்தைக்கும் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. 2024-இல் வந்த புதிய சட்டத்திலும் அது நீடிக்கிறது. ஆனால், கேட்டவுடன் ரத்தப் பரீட்சைக்கு உத்தரவு கிடைத்துவிடாது. தம்பதிக்குப் பிறந்த குழந்தை கணவனுடையது என்றே சட்டம் முதலில் கொள்கிறது. வெறும் சந்தேகத்துக்காகக் குழந்தையின் விரலில் ஊசி குத்த நீதிபதிகள் லேசில் சம்மதிப்பதில்லை.