ஆறரை மாதத்தில் ஒரு வருஷம்

உங்கள் வீட்டில் ஏழு வயதுக் குழந்தை இருக்கிறதா? இருந்தால், பள்ளிக்கூடம் விட்டு அது வாசற்படி ஏறும்போதே நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "இன்னிக்கு என்ன பாடம் நடந்தது?" என்பதுதானே? வட சென்னையில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவரைச் சந்திக்கும் வரையில் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் இருபது வருஷங்களுக்கு மேலாகச் சின்னக் குழந்தைகளோடு மாரடிப்பவர். "எந்த வகுப்பை மறந்தாலும் 2021-இல் எனக்கு வாய்த்த இரண்டாம் வகுப்பை மட்டும் மறக்க மாட்டேன்" என்றார். அந்தக் குழந்தைகள் 2025-இல் ஐந்தாம் வகுப்பை முடித்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். போன பிறகுதான் அவருக்கு அந்த வருஷத்தைப் பற்றிப் பேச மனம் வந்ததாம்.

அந்த வருஷம் உங்களுக்கும் நினைவிருக்கும். கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக் கதவுகள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. நடுவில் ஏறக்குறைய இருபது மாதம்! 2020-இல் முதல் வகுப்பில் பெயர் கொடுத்த குழந்தை, முதல் வகுப்பின் சுவரையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து நின்றது.

"முதல் நாள் புத்தகத்தைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். நாலு பேர் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். பென்சிலைக் குச்சி மாதிரி முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டவர்கள் பாதிப் பேர். எனக்கு வயிற்றைக் கலக்கியது" என்றார் ஆசிரியை.

பாடத்தை முடிப்பதா, குழந்தையைப் பார்ப்பதா? ஒரு ராத்திரி முழுவதும் யோசித்தாராம். மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போய், "இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

"அதிகாரிகள் வந்து கேட்டால்?"

"வந்தால் குழந்தைகளைக் காட்டுகிறேன்."

தமிழுக்கு எழுத்துகள் 247. அத்தனையையும் பார்த்தால் பெரியவர்களுக்கே மலைப்பாக இருக்கும். ஆனால் ட, ப, ம என்ற மூன்று எழுத்தும், தலையில் வைக்க ஒரு புள்ளியும் இருந்தால் குழந்தை "படம்" என்று வாசித்துவிடும். அடுத்த நாளே "பட்டம்" விடும்! ஆசிரியை அங்கிருந்துதான் ஆரம்பித்தார்.

ஆரம்பித்தவுடனே தடை. நவம்பர் 4 தீபாவளி. 7-ஆம் தேதி சென்னையைப் புரட்டிப் போட்டது பெருமழை. மறுபடி விடுமுறை. தண்ணீர் வடிந்து குழந்தைகள் வந்தபோது, "என்ன பெய்தது, சொல்லுங்கள்?" என்று கேட்டார்.

"மயை!" என்று கூவியது வகுப்பு.

ழகரம் சொல்ல வேண்டுமானால் நாக்கு எப்படி மடிகிறது என்று குழந்தை பார்க்க வேண்டும். பார்ப்பது எப்படி? டீச்சர் வாயில்தான் முகக்கவசம் போட்டிருக்கிறதே! கடைசியில் தூரத்து ஜன்னலோரம் போய் நின்று, கவசத்தை இறக்கிவிட்டு, "மழை" என்று சொல்லிக் காட்டினார். வகுப்பில் ஒரே நிசப்தம். அப்புறம் ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், உங்களுக்கு இவ்ளோ பெரிய வாயா?" என்றதாம். "அன்றைக்குத்தான் அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

இன்னொரு பையன் டிசம்பர் வரையில் வாயே திறக்கவில்லை. ஐந்து என்று எழுதச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். ஒரு நாள் மாலை கடைத்தெருவில் ஆசிரியை பூ வாங்கப் போனார். பூக்கூடைக்குப் பின்னால் அதே பையன்! அம்மா பூவை முழம் போட, இவர் கொடுத்த ஐம்பது ரூபாய் நோட்டை வாங்கி, விரலைக்கூட மடக்காமல் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தான்.

"எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கணக்குத் தெரியாதவன் என்று நான் எண்ணியிருந்தேன். அவனுக்குத் தெரியாதது எண்ணின் உருவம் மட்டும்தான்." மறுநாள் வகுப்பில் ஒரு பூக்கடை முளைத்தது. கடைக்காரன் யார் என்று சொல்ல வேண்டுமா? விலை எழுதி வைக்காவிட்டால் வியாபாரம் நடக்காதே! ஒரே வாரத்தில் எண்களை எழுதிவிட்டான்.

2022 ஜனவரியில் தொற்று மீண்டும் பரவி, பள்ளி மூடியது. பிப்ரவரி 1-ஆம் தேதி திறந்தபோது ஒரு பெண் குழந்தை வரவில்லை. இரட்டைப் பின்னலில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே இருக்கும் குழந்தை. "படம்" என்று வகுப்பிலேயே முதலில் வாசித்தவள் அவள்தான். ஆசிரியை தேடிப் போனார். வீடு பூட்டியிருந்தது. அப்பாவுக்கு வேலை போனதால் ஊரோடு போய்விட்டார்கள் என்றார்கள் பக்கத்து வீட்டில். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கைப்பேசி எண் உபயோகத்தில் இல்லை.

"பெஞ்சில் அவள் இடத்தில் இன்னொரு குழந்தையை உட்காரச் சொன்னேன். பக்கத்தில் இருந்த சிறுமி விடவில்லை. 'அவ வருவா டீச்சர்' என்றாள். மே மாதம் வரையில் அந்த இடம் காலியாகவே இருந்தது. அவளுடைய நோட்டு என் பீரோவில் இன்னும் இருக்கிறது."

அந்த வருஷம் கோடையிலும் வகுப்பு நடந்து, மே 13-ஆம் தேதியோடு முடிந்தது. முக்கால்வாசிக் குழந்தைகள் சின்னச் சின்ன வாக்கியங்களை வாசித்தார்கள். மற்றவர்களுக்கு மாலையில் "இல்லம் தேடிக் கல்வி"த் தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. அடியிலிருந்து தொடங்குவது தப்பில்லை என்று அரசாங்கமே சொன்னபோது, அவருக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்ததாம்.

விடைபெறும்போது, "தாய்மார்களுக்கு ஏதாவது சொல்லுங்களேன்" என்றேன்.

"எழுத்து எப்போது வேண்டுமானாலும் வந்துவிடும், அம்மா. இருபது மாதம் வீட்டுக்குள் இருந்த குழந்தைகள் தோழமைக்குத்தான் ஏங்கிப் போயிருந்தார்கள். பாடத்தை அப்புறம் கேட்கலாம். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்" என்றார்.

அன்று மாலை என் மகளிடம் அப்படியே கேட்டேன். அவள் பேச ஆரம்பித்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நீங்களும் இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள். பாலை மட்டும் முதலில் இறக்கி வைத்துவிடுங்கள்!