எலிக்சிர் சல்ஃபானிலமைடு நச்சு நிகழ்வு

எலிக்சிர் சல்ஃபானிலமைடு நச்சு நிகழ்வு என்பது 1937 ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நீர்ம மருந்தை உட்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிகழ்வைக் குறிக்கும். தொண்டைத் தொற்று முதலிய நோய்களுக்காகக் கொடுக்கப்பட்ட இம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கரைப்பானாகச் சேர்க்கப்பட்டிருந்தது. விற்பனைக்கு அனுப்பும் முன் இதன் நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை. அவ்வாறு சோதிக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் கோரவும் இல்லை.

மருந்தால் இறப்பு நேர்ந்த பின் யாரைத் தண்டிப்பது என்பதே அதுவரை சட்டத்தின் கேள்வியாக இருந்தது. இறந்தோரின் குடும்பத்தினர் கேட்ட கேள்வி வேறு: இதை விற்கும் முன் சோதித்தவர் யார்? இக்கேள்விக்கு விடையாக அமைந்ததே 1938 ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டம் ஆகும்.

பின்னணி

சல்ஃபானிலமைடு முதன்முதலில் 1908 ஆம் ஆண்டு வியன்னாவில் பவுல் கெல்மோ என்பவரால் தொகுக்கப்பட்டது. அப்போது அதன் மருத்துவப் பயன் அறியப்படவில்லை. செருமனியின் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய கெர்கார்டு டோமாக், புரோன்டோசில் என்னும் சிவப்புச் சாயம் பாக்டீரியத் தொற்றைக் கட்டுப்படுத்துவதைக் கண்டறிந்து 1935 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாயம் உடலினுள் சிதைந்து சல்ஃபானிலமைடாக மாறுவதாலேயே மருந்தாகச் செயற்படுகிறது என்பதைப் பாரிசின் பாஸ்டர் ஆய்வகத்தினர் அதே ஆண்டில் காட்டினர்.

பெனிசிலின் பயன்பாட்டுக்கு வராத அக்காலத்தில் இது பெரும் திருப்பமாக அமைந்தது. 1936 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசவெல்டின் மகன் கடும் தொண்டைத் தொற்றிலிருந்து இம்மருந்துவகையால் பிழைத்த செய்தி நாளேடுகளில் வெளிவந்தது. அதன் பின் சல்ஃபா மருந்துகளுக்கான தேவை விரைந்து பெருகியது. மாத்திரையாகவும் தூளாகவும் பயன்பட்ட சல்ஃபானிலமைடு பலரைக் காப்பாற்றியது. ஆகவே இந்நிகழ்வில் உயிரைப் பறித்தது சல்ஃபானிலமைடு அன்று என்பதும், அதனைக் கரைக்கப் பயன்பட்ட நீர்மமே என்பதும் குறிப்பிடத்தக்கன.

மருந்தின் உருவாக்கம்

டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் இயங்கிய எஸ். இ. மாசென்கில் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர், தென் மாநிலங்களில் இம்மருந்தை நீர்ம வடிவில் கேட்கிறார்கள் என்று 1937 சூன் மாதத்தில் தெரிவித்தார். மாத்திரையை விழுங்க மறுக்கும் குழந்தைகளுக்கு நீர்ம மருந்து ஏற்றதாக இருக்கும். ஆனால் சல்ஃபானிலமைடு நீரில் எளிதில் கரைவதில்லை. நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் அரோல்டு வாட்கின்ஸ், அது டைஎத்திலீன் கிளைக்காலில் நன்கு கரைவதைக் கண்டார்.

இவ்வாறு உருவான கலவையில் ஏறத்தாழ 10 விழுக்காடு சல்ஃபானிலமைடும் 72 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்காலும் இருந்தன. ராஸ்பெரி பழச்சுவையும் சேர்க்கப்பட்டது. நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் மருந்தின் சுவை, மணம், தோற்றம் ஆகியவற்றைச் சோதித்தது. எந்த விலங்குக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை. டைஎத்திலீன் கிளைக்கால் விலங்குகளுக்கு நச்சாவதைக் காட்டும் ஆய்வுக் கட்டுரைகள் அதற்கு முன்னரே வெளியாகியிருந்தன. அவற்றைத் தேடிப் படிக்கும் கடப்பாடும் சட்டத்தில் இல்லை.

மொத்தம் 240 கேலன் (ஏறத்தாழ 900 லிட்டர்) மருந்து தயாரிக்கப்பட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் 633 சரக்குக் கட்டுகளாக நாடெங்கும் அனுப்பப்பட்டது.

முதல் இறப்புகள்

ஓக்லகோமா மாநிலத்தின் டல்சா நகர மருத்துவர்கள், புதிய நீர்ம மருந்தை உட்கொண்ட நோயாளிகள் சிலர் இறந்ததாக அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு 1937 அக்டோபரில் அறிவித்தனர். சங்கத்தின் ஆய்வுக்கூடம் மருந்தைப் பகுத்தாய்ந்து டைஎத்திலீன் கிளைக்காலே நச்சு என்று கண்டது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கெய்லிங்கின் குழு விலங்குகளில் சோதித்து இதனை உறுதி செய்தது. அக்குழுவில் பணியாற்றிய மாணவியரில் ஒருவர் பிரான்சிஸ் ஓல்டாம். பிற்காலத்தில் பிரான்சிஸ் கெல்சி என்று அறியப்பட்டவர் இவரே.

மருந்தை உட்கொண்டவர்களில் 353 பேர் அடையாளம் காணப்பட்டனர். அவர்களில் 105 பேர் இறந்தனர். இறந்தோரில் 34 பேர் குழந்தைகள். இறப்புகள் கிழக்கே வர்சீனியா முதல் மேற்கே கலிபோர்னியா வரை 15 மாநிலங்களில் நிகழ்ந்தன.

நச்சு செயற்படும் முறை

டைஎத்திலீன் கிளைக்கால் நிறமற்றது, சற்றே பிசுபிசுப்பானது, இனிப்புச் சுவையுடையது. தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும் பிரேக் எண்ணெய் முதலியவற்றில் சேர்பொருளாகவும் பயன்படுகிறது. இதன் இனிப்பே இதன் பெருந்தீங்கு எனலாம். கசக்கும் நச்சைக் குழந்தை துப்பிவிடும். இதையோ விரும்பிக் குடிக்கும்.

உடலினுள் சென்றதும் கல்லீரலின் நொதிகள் இதனைப் படிப்படியாக ஆக்சிசனேற்றம் செய்கின்றன. இறுதியில் உண்டாகும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரக நுண்குழல்களின் உயிரணுக்களில் திரண்டு அவற்றை அழிக்கிறது. முதலில் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி ஆகியவை தோன்றும். பின்னர் சிறுநீர் குறைந்து அறவே நின்றுவிடும். அதனைத் தொடர்ந்து மயக்கமும் வலிப்பும் ஏற்படும். 1937 இல் இறந்தோர் பெரும்பாலும் 7 முதல் 21 நாட்கள் வரை துன்புற்றே இறந்தனர்.

தொடக்க அறிகுறிகள் நோயின் அறிகுறிகளைப் போலவே இருந்ததால், நோய் முற்றுகிறது என்று கருதி மருந்தைத் தொடர்ந்து கொடுக்கும் இடரும் இருந்தது. இன்று சிறுநீரகக் குருதிப் பிரிப்பு (டயாலிசிஸ்) உண்டு. நச்சு மாற்றமடைவதைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்னும் மருந்தும் உண்டு. ஆயினும் காலந்தாழ்ந்தால் இவை பயன்தருவதில்லை.

திரும்பப் பெறும் பணி

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகத்தில் அப்போது 239 ஆய்வாளர்களும் வேதியியலாளர்களும் இருந்தனர். ஏறக்குறைய அனைவரும் இம்மருந்தைத் தேடி எடுக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். நிறுவனம் முதலில் அனுப்பிய தந்திகள் மருந்தைத் திருப்பி அனுப்பும்படி மட்டுமே கூறின. காரணத்தைக் கூறவில்லை. நிருவாகம் வற்புறுத்திய பின்னரே, இம்மருந்து உயிருக்கு ஊறு விளைவிக்கலாம் என்ற இரண்டாவது தந்தி அனுப்பப்பட்டது.

ஆய்வாளர்கள் விற்பனைப் பட்டியல்களையும் மருந்துச்சீட்டுகளையும் கொண்டு வீடு வீடாகச் சென்றனர். டெக்சாசில் விற்பனையாளர் ஒருவர் சிறையில் அடைக்கப்பட்ட பின்னரே ஒத்துழைத்தார். மருந்துடன் மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்ட குடும்பமொன்றின் மூன்று வயதுச் சிறுவனைத் தேடுவதற்காக, மருத்துவர் ஒருவர் தம் திருமணத்தையே தள்ளிவைத்தார். அச்சிறுவன் காப்பாற்றப்பட்டான்.

தயாரான 240 கேலனில் 234 கேலனுக்கும் சற்று மேல் மீட்கப்பட்டது. இத்தனை இறப்புகளுக்கும் காரணமானது எஞ்சிய, 6 கேலனுக்கும் குறைவான மருந்தே. முழுவதும் விற்றிருந்தால் விளைவு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

ஒரு தாயின் மடல்

1937 நவம்பரில் டல்சாவைச் சேர்ந்த தாய் ஒருவர் குடியரசுத் தலைவர் ரூசவெல்டுக்கு மடல் எழுதினார். தம் சிறுமகளுக்காக மருத்துவரை முதன்முறையாக அழைத்தபோது கொடுக்கப்பட்டது இம்மருந்தே என்றும், இனித் தமக்கு எஞ்சியது அவளது சிறு கல்லறையைப் பேணுவது மட்டுமே என்றும் அவர் எழுதியிருந்தார். மகளைப் பற்றிய நினைவிலும் அவள் வலியால் துடித்ததும் அலறியதுமே கலந்திருப்பதாகக் குறிப்பிட்டார். இத்தகைய மருந்துகள் விற்பனைக்கு வராதபடி நடவடிக்கை எடுக்குமாறு வேண்டினார்.

அவர் மடலில் இழப்பீடு கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வேறொரு குழந்தைக்கு இது நேரக்கூடாது என்பதே அவர் கோரிக்கை. மருத்துவரிடம் செல்லாமல் விட்டது, மருந்தை அளவு மீறிக் கொடுத்தது போன்ற பிழை எதுவும் அவரிடம் இல்லை. மருத்துவர் சொன்னபடி நடந்ததே இழப்பில் முடிந்தது. மிசிசிப்பி மாநிலத்து மருத்துவர் ஒருவரும் தம் வேதனையைப் பதிவு செய்துள்ளார். அவர் கொடுத்த மருந்தால் ஆறு நோயாளிகள் இறந்தனர். அவர்களில் ஒருவர் அவருடைய நெருங்கிய நண்பர். குப்பியின் மேலிருந்த பெயரிலிருந்து, உள்ளே இருந்த கரைப்பான் எது என்பதை அம்மருத்துவரும் அறிய வழியில்லை.

வழக்கும் தண்டனையும்

1906 ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம் கலப்படத்தையும் பொய்ப்பெயரிடலையும் மட்டுமே குற்றமாகக் கொண்டிருந்தது. நச்சுள்ள மருந்தை விற்பது தன்னளவில் குற்றமாகவில்லை. "எலிக்சிர்" என்னும் சொல் மருந்தியலில் ஆல்ககால் (எரிசாராயம்) கலந்த இனிப்பு நீர்மத்தைக் குறிக்கும். இம்மருந்தில் ஆல்ககால் இல்லை. ஆகவே பொய்ப்பெயரிட்டதாக மட்டுமே வழக்குத் தொடர முடிந்தது. குப்பியில் "எலிக்சிர்" என்பதற்குப் பதில் "கரைசல்" என்று எழுதியிருந்தால், மருந்தைக் கைப்பற்றும் அதிகாரமே நிருவாகத்துக்கு இருந்திராது.

நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 26,100 டாலர் தண்டம் செலுத்தியது. நிறுவன உரிமையாளர் இறப்புகளுக்கு வருந்தினாலும், தம் தரப்பில் பொறுப்பேதும் இல்லை என்றே கூறினார். வேதியியலாளர் வாட்கின்ஸ் பின்னர்த் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1938 ஆம் ஆண்டுச் சட்டம்

பழைய சட்டத்தை மாற்றும் முயற்சி 1933 முதலே நடந்து வந்தது. ஐந்து ஆண்டுகளாக அது நிறைவேறாமல் இழுபட்டது. 1937 நிகழ்வுக்குப் பின் எழுந்த பொதுமக்கள் சீற்றம் அம்முயற்சிக்கு வலுவூட்டியது. 1938 சூன் 25 அன்று ரூசவெல்டு புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். புதிய மருந்தை விற்க விரும்பும் நிறுவனம், அது பாதுகாப்பானது என்பதற்கான சோதனை முடிவுகளுடன் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பது இதன் முதன்மையான கூறாகும். மெய்ப்பிக்கும் சுமை இதனால் இடம் மாறியது. மருந்து தீங்கானது என்று அரசு காட்ட வேண்டியிருந்த நிலை போய், தீங்கற்றது என்று நிறுவனம் காட்ட வேண்டியதாயிற்று.

மருத்துவரின் பரிந்துரையின்றி விற்கக்கூடாத மருந்துகள் என்ற தனி வகை இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளால் உருப்பெற்றது. 1951 ஆம் ஆண்டின் திருத்தம் அதனைத் தெளிவாகச் சட்டத்தில் சேர்த்தது.

எனினும் 1938 சட்டத்தில் ஒரு குறை இருந்தது. குறித்த காலத்துக்குள் நிருவாகம் மறுப்புக் கூறாவிட்டால் மருந்து தானாகவே விற்பனைக்கு வந்துவிடும். 1960 இல் தாலிடோமைடு மருந்துக்கான விண்ணப்பம் வந்தபோது அதனை ஆராயும் பொறுப்பு பிரான்சிஸ் கெல்சியிடம் இருந்தது. அவர் கூடுதல் தரவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒப்புதலைத் தடுத்து வந்தார். அம்மருந்தை உட்கொண்ட தாய்மாருக்கு ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறைபாட்டுடன் பிறந்தது பின்னர் தெரியவந்தது. 1962 ஆம் ஆண்டுத் திருத்தம் தானாக ஒப்புதல் பெறும் வழியை நீக்கியது. மருந்து பயனுள்ளது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும் என்றாக்கியது.

பிற்கால நிகழ்வுகள்

டைஎத்திலீன் கிளைக்கால் இறப்புகள் 1937 உடன் முடிந்துவிடவில்லை. பிற்கால நிகழ்வுகளின் தன்மை பெரும்பாலும் வேறானது. மாசென்கில் நிறுவனம் இப்பொருளை அறிந்தே சேர்த்தது, நச்சென்று அறியாமல் சேர்த்தது. பிற்காலத்திலோ கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் ஆகிய பாதுகாப்பான கரைப்பான்களின் பெயரில் இது மருந்தினுள் நுழைந்தது. தோற்றத்திலும் சுவையிலும் இவை ஒன்றுபோல் இருப்பதும், டைஎத்திலீன் கிளைக்காலின் விலை குறைவாக இருப்பதும் இதற்குக் காரணங்களாகும். நைசீரியா (1990), எயிட்டி (1995-96), பனாமா (2006) முதலிய நாடுகளில் பலர் இறந்தனர். 2022 இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகளும், இந்தோனேசியாவில் 200க்கும் மேற்பட்ட குழந்தைகளும் இவ்வகை நச்சு கலந்த நீர்ம மருந்துகளோடு தொடர்புடைய சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தனர்.

இந்தியாவில்

இந்தியாவில் மருந்துத் தயாரிப்பையும் விற்பனையையும் 1940 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அச்சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, 1972 இல் சென்னையில் இந்நச்சால் குழந்தைகள் இறந்தனர். 1986 இல் மும்பையின் ஜே. ஜே. மருத்துவமனையில் மாசுபட்ட கிளிசரினால் 14 பேர் இறந்தனர். இது குறித்து நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தது.

2025 இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், மருத்துவர்கள் பரிந்துரைத்த கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்தை உட்கொண்ட இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அம்மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய தொழிற்சாலையில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது. மருந்துத் தரநூல்கள் இப்பொருளுக்கு விதிக்கும் மேல்வரம்பு 0.1 விழுக்காடே. அந்நிறுவனத்தின் உரிமம் 2025 அக்டோபரில் நீக்கப்பட்டது.

புதிய மருந்தை ஒருமுறை சோதித்து ஒப்புதல் அளிப்பது மட்டும் போதாது என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. தொழிற்சாலைக்கு வரும் ஒவ்வொரு கலன் கரைப்பானையும், வெளியேறும் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சோதிப்பதே பாதுகாப்பாகும். அதற்கான வளிம நிறப்பிரிகை முதலிய முறைகள் நன்கு அறியப்பட்டவையே. ஐயத்துக்குரிய மருந்து விளைவுகளை இந்தியாவில் 2010 இல் தொடங்கப்பட்ட மருந்து விழிப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு மருத்துவர்கள் மட்டுமன்றிப் பொதுமக்களும் தெரிவிக்கலாம். அவ்வாறு தெரிவிக்கையில் குப்பியையும் அதன் மேலுள்ள தொகுதி எண்ணையும் பாதுகாத்து வைத்திருப்பது ஆய்வுக்குப் பெரிதும் உதவும். 1937 இல் ஆய்வாளர்கள் மாநிலம் மாநிலமாகத் தேடியலைந்ததும் அக்குப்பிகளையே.

இவற்றையும் பார்க்கவும்

சல்ஃபா மருந்துகள்
டைஎத்திலீன் கிளைக்கால்
தாலிடோமைடு
பிரான்சிஸ் கெல்சி
சிறுநீரகச் செயலிழப்பு