ராயபுரத்திலிருந்து ராயப்பன்பட்டிக்கு

சென்ற வாரம் ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களோடு நிறுத்தியிருந்தேன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. ரயில்வே வேலையை நம்பி இந்தப் பக்கம் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஒன்று, ராயபுரத்தின் கல்மண்டபம் பகுதியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தது. இந்த வாரக் கதை அந்த வீட்டு அடுப்படியில் தொடங்குகிறது.

நவம்பர் பிறந்ததும் அந்த ஆன்ட்டி தள்ளுவண்டியில் கறுப்புத் திராட்சை வாங்குவார். கழுவி, ஈரம் உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் சேர்த்துப் பெரிய பீங்கான் ஜாடியில் கொட்டித் துணியால் வாயைக் கட்டிவிடுவார். தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிண்ட வேண்டும். அது என் வேலை. ஜாடியில் காதை வைத்தால் உள்ளே யாரோ முணுமுணுப்பது போலக் கேட்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று விடுகிற மூச்சு அது என்பது வெகுநாள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. 21-ம் நாள் வடிகட்டினால் கிறிஸ்துமஸ் ஒயின். எனக்கு ஒரே ஒரு ஸ்பூன் கிடைக்கும்.

"இந்தப் பழம் எங்கேருந்து வருது ஆன்ட்டி?"

"கம்பம்."

அந்த ஒரு சொல்தான் இத்தனை வருஷம் கழித்து என்னைத் தேனி ரயிலில் ஏற்றியது.

ஒயினுக்குப் பேர்போன பழைய ஊர்களைப் பார்க்கவென்றே உலகம் முழுக்கப் பயணம் போகிறார்கள். பிரான்சில் போர்தோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சேன்ட் எமிலியோன் ஊரையும் அதைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களையும் 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாறையைக் குடைந்த தேவாலயம், நிலத்தடியில் பீப்பாய்கள் உறங்கும் கிடங்குகள் எல்லாம் அங்கே உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி எதுவும் கிடையாது. உத்தமபாளையத்தைத் தாண்டி ராயப்பன்பட்டிப் பக்கம் போனால், இரண்டு புறமும் மலை, நடுவே ஆள் உயரத்துக்குக் கல்தூண்களை வரிசையாக நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது. பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால் பச்சை வெளிச்சம், ஈரமண் வாசம், தலையில் இடிக்கும் குலைகள். மண்டபம் என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் பேட்டையில் வளர்ந்தவன் நான். ஆயினும் இப்படி ஒரு கல்மண்டபத்துக்குள், உயிருள்ள கூரையின் கீழ், அன்றுவரை நின்றதில்லை.

கத்தரியோடு குலை அறுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"மெட்ராஸ்ல எங்கண்ணே?"

"ராயபுரம்."

"அட, நீங்களும் ராயப்பர் ஊரா!"

பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்பார்கள். 1829-ல் படகுக்காரச் சமூகத்தார் கட்டிய புனித ராயப்பர் கோயில் எங்கள் ஊரில் இன்றும் நிற்கிறது. கடலோரத்து ராயப்பரையும் மலையடிவாரத்து ராயப்பனையும் அந்த அக்கா ஒரே நொடியில் உறவாக்கிவிட்டார். அதன் பிறகு நான் விருந்தாளி. கை நிறையப் பழம் வந்தது.

பாதிரியார்களுக்கும் இந்தக் கொடிக்கும் உறவு ஆழமானது. கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சையிலிருந்து இயற்கையாக எடுத்த ரசம்தான் வேண்டும். அது புளித்துக் கெட்டிருக்கக் கூடாது. வேறு பழத்தின் சாறு ஆகாது. கப்பலில் மாதக்கணக்கில் வந்து, நம் வெயிலில் காடியாகிப்போகும் ரசத்தை நம்பி எத்தனை நாள் பூசை வைப்பது? அதனால் குருக்கள் எங்கே போனார்களோ அங்கே கொடியும் போனது. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குத் திராட்சையைக் கொண்டுவந்தார் என்பது இந்தப் பள்ளத்தாக்கு பெருமையோடு சொல்லும் வரலாறு.

இங்கே பழைமை விரும்பி ஒருவன் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்று இங்கே விளையும் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்தில் பிரபு ஒருவருக்குச் சொந்தமான ரெஸ்ட் பார்க் தோட்டத்தில் சீவார்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் உருவாக்கிய ரகம் அது. அது வெளியுலகுக்குத் தெரியவந்தது 1850-ஐ ஒட்டித்தான். ஆகவே 1832-ல் வந்தது கொடி வளர்க்கும் பழக்கமும் வேறு ஏதோ ஒரு ரகமும். நாம் தின்னும் பன்னீர் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது. இதனால் அந்தப் பாதிரியாருக்கு ஒரு குறையும் இல்லை. நிலத்தைப் பழக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

என்னை உலுக்கியது வேறொன்று. திராட்சையைக் கொட்டை போட்டு வளர்ப்பதில்லை. கவாத்து செய்யும்போது வெட்டிய குச்சியை நட்டுத்தான் வளர்க்கிறார்கள். கொட்டையில் முளைப்பது தாயைப் போல இருக்காது, குச்சியில் துளிர்ப்பது தாயேதான். அப்படியானால் ராயப்பன்பட்டிப் பந்தலில் நான் தொட்ட கொடி, ஏறக்குறைய 170 வருஷத்துக்கு முந்தைய அந்த ஒற்றைச் செடியின் உடம்பு. கை மாறி, கடல் மாறி, குச்சி குச்சியாக நடந்து வந்திருக்கிறது. நான் பார்த்த எந்தக் கோபுரத்தைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது. கல்லைப் பூட்டி வைத்துக் காக்கலாம். இதை வெட்டி வெட்டித்தான் காக்க வேண்டும்.

இந்த ஊரில் எல்லோரும் ஒரே நாளில் கவாத்து செய்வதில்லை. ஆளாளுக்கு முறை மாற்றிச் செய்வதால் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கிறது. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறந்தபின் வந்த தண்ணீரும் இந்தப் பசுமைக்குக் காரணம். அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படம் மாட்டாத டீக்கடையை இங்கே தேடத்தான் வேண்டும். தமிழ்நாட்டின் பன்னீர் திராட்சையில் 85 சதவீதம் இந்தப் பள்ளத்தாக்கில் விளைகிறது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

குறியீடு கிடைத்தாயிற்று, விலை? பன்னீரின் தோல் மெல்லியது, கொட்டை உள்ளது, நெடுநாள் தாங்காது. அறுத்த பழம் அன்றைய விலைக்குப் போயே ஆக வேண்டும். பக்கத்திலேயே ஒயின் ஆலை வேண்டும் என்பது இங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. அதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பூசை ரசத்துக்காகத் தொடங்கிய பயிர் இது, அதன் பழத்தைப் பிழிந்து காப்பாற்ற வழியில்லாமல் விவசாயி தவிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்பும்போது அந்த அக்கா கவாத்துக் குச்சிகள் நாலைந்தை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "உங்க ஊர் உப்புக் காத்து. வருமான்னு தெரியல, வச்சுப் பாருங்கண்ணே."

ஆன்ட்டியின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வெகுகாலமாகிறது. போகும்போது அந்த ஜாடியை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். உப்பு எலுமிச்சை போட்டுப் போட்டு உள்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது. மொட்டை மாடியில் அதற்குப் பக்கத்திலேயே பெயின்ட் வாளியில் குச்சிகளை நட்டிருக்கிறேன். மூன்று காய்ந்துவிட்டன. ஒன்றில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு சிவந்திருக்கிறது.

(தொடரும்)